இல்லாத பொருளுக்கு ஒரு விளம்பரம்: 'நிதானம்' எடுத்த கதை

எங்கள் குறும்படத்தின் நாயகன் ஒரு விளம்பர ஏஜென்சியில் காபி ரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவன். நாயகி போட்டி ஏஜென்சியில் இருப்பவள். முதலாளி மேல் இருந்த கடுப்பில், யாரும் தயாரிக்காத, தயாரிக்கவே முடியாத ஒரு பொருளுக்கு அவன் விளம்பரம் எடுத்து வைக்கிறான். அது கைமாறிப் போய் டிவியில் ஓடிவிடுகிறது. ஊரே கடை கடையாகப் போய்க் கேட்கிறது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரை எப்படியாவது தன் ஏஜென்சிக்குப் பிடித்துவிட வேண்டும் என்று நாயகி கிளம்புகிறாள். பொருளே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அப்புறம் காதல், கலாட்டா எல்லாம்.

முடிச்சு எங்களுடையது இல்லை. 1961-ல் டோரிஸ் டேயும் ராக் ஹட்சனும் நடித்து டெல்பர்ட் மான் இயக்கிய 'லவர் கம் பேக்' படத்தில் இருப்பது. அதில் 'விஐபி' என்று பெயர் மட்டும் இருக்கும், பொருள் இருக்காது. விளம்பரம் ஓடிய பிறகு அவசர அவசரமாக ஒரு விஞ்ஞானியைப் பிடித்துப் பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விளம்பர ஏஜென்சிகளுக்குப் பேர்போன நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவை வைத்துச் செய்த கிண்டல் அது. முடிச்சை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு கோடம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் வேறு கதை கட்டினோம்.

படம் 20 நிமிடம். அதற்குள் அந்த விளம்பரம் வருவது 40 விநாடி. வேலையில் பாதிக்கு மேல் அந்த 40 விநாடிக்கே போனது, நானும் தெரிந்தேதான் அதில் நேரத்தைக் கொட்டினேன். விளம்பரத் துறையைக் கிண்டல் செய்யும் படங்கள் பலவற்றில் உள்ளே காட்டும் விளம்பரம் மட்டமாக இருக்கும். பார்க்கிறவர் "இதைப் போய் எவன் வாங்குவான்" என்று நினைத்துவிட்டால் அதோடு கதை படுத்துவிடும். ஊரே கடைக்கு ஓடுவதை எவரும் நம்ப மாட்டார்கள். ஆகவே விளம்பரம் நிஜமாகவே விற்க வேண்டும். பார்ப்பவருக்கு ஒரு நொடியாவது "நல்லாத்தானே இருக்கு, எவ்ளோ?" என்று தோன்ற வேண்டும். சிரிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

பொருளின் பெயர் 'நிதானம்'. 30 மில்லி, கண்ணாடி பாட்டில், சொட்டு மூடி. நெற்றியில் ஒரு சொட்டு விட்டால் கோபம் இறங்கிவிடும். இதற்குச் சென்னையில் சந்தை இருக்குமா என்று எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை. ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும்போது தினமும் வேலைக்குப் போய் வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

பாட்டிலும் உள்ளே இருப்பதும்

ஹோமியோபதிக்காரர்கள் வைத்திருக்கும் பழுப்பு பாட்டில் மலிவு. ஆனால் கேமராவில் அது மருந்து, ஆசைப்பட்டு யாரும் வாங்க மாட்டார்கள். தெளிந்த கண்ணாடியில், அடிப்பாகம் தடிமனாக இருக்கும் வகையைத் தேடினோம். பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில்தான் தருவார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணாடி பாட்டில் வைத்து ஷூட்டிங் செய்து ஒன்றுகூட உடையவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடி ஏன் தடிமனாக இருக்க வேண்டும் என்றால், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடிக் கட்டிக்குள் வளைந்து பளிச்சென்று ஒரு கோடாக நிற்கும். அந்த ஒரு கோடு பாட்டிலின் விலையை இருமடங்கு கூட்டிக் காட்டும்.

உள்ளே என்ன ஊற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. நன்னாரி சர்பத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் நிறம் அழகுதான், ஆனால் குவார்ட்டர் பாட்டில் மாதிரி இருக்கிறது. கேமரா பிடித்த தம்பி பார்த்த உடனே, "அண்ணா, இதுக்கு சோடா விளம்பரம்னு பேர் வெச்சிடலாம்" என்றான். அவன் சொன்னது சும்மா இல்லை. மது விளம்பரத்துக்குக் கேபிள் டிவி விதிகளில் தடை இருக்கிறது. அதனால்தான் அதே பெயரில் சோடா, மியூசிக் சிடி என்று எதையாவது காட்டி வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில் இந்த மறைமுக விளம்பரத்துக்கும் தடை போட்டார்கள். தம்பியின் வசனம் அப்படியே படத்தில் வருகிறது, ஆபீஸ் பையன் சொல்வதாக.

ரோஸ் நிறம் குழந்தைகளின் இருமல் மருந்து. பச்சை, கூந்தல் தைலம். நீலம் கொஞ்சம் தூக்கினாலும் வாய் கொப்பளிக்கும் திரவம். கடைசியில் நீலமா வெள்ளையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு துளி உணவு நிறம், அதோடு மைக்கா தூள். ரெசினில் சாவிக்கொத்து, டீப்பாய் எல்லாம் செய்கிறவர்கள் வாங்குவார்களே, அந்த முத்துப்பொடி. கத்தி முனையில் ஒட்டும் அளவு போதும். தூளில் இருப்பவை எல்லாம் நுண்ணிய தட்டையான செதில்கள். திரவம் ஓடும் திசைக்கு ஏற்ப அவை திரும்பி வெளிச்சத்தைப் பிடித்து விடுவதால், சுழல் கண்ணுக்குத் தெரியும். பாட்டிலை ஒருமுறை சுழற்றி வைத்தால் உள்ளே மேகம் புரண்டு, மெல்ல அடங்கி, நின்றுவிடும். நிதானம் என்ற பெயருக்கு இதைவிட என்ன வேண்டும்? மானிட்டரில் அதைப் பார்த்த பிறகு நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வெறும் தண்ணீரில் மைக்கா சீக்கிரம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு கிளிசரின் கலந்தால் சுழல் நீடிக்கும். அதற்கு மேல் போனால் சோம்பேறித்தனமாகச் சுற்றும், பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும். இந்தக் கலவை மேசையில் பாட்டிலை மட்டும் வைத்து எடுக்கும் ஷாட்டுக்கு மட்டும்தான். நடிகரின் நெற்றியில் விடும் பாட்டில் தனி. அதில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் துளி கிளிசரினும் மட்டும். மைக்கா கண்ணில் போனால் உறுத்தும். இரண்டு பாட்டில்களும் கலந்துவிடாமல் இருக்க, முகத்துக்கான பாட்டிலின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டோம்.

வெளிச்சம், வியர்வை

இடம் எங்கள் வீட்டுப் படுக்கையறை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சாப்பாட்டு மேசையை உள்ளே இழுத்துப் போட்டோம். கண்ணாடிக்கு நேராக லைட் அடித்தால் லைட்தான் தெரியும், பாட்டில் தெரியாது. ஆகவே பின்னால் ஒரு பட்டர் பேப்பர் திரை கட்டி, அதற்குப் பின்னால் ஒரே ஒரு லைட். பாட்டிலின் இரண்டு பக்கமும் கறுப்பு சார்ட் அட்டையைக் கீற்றாக வெட்டி நிறுத்தினோம். அந்தக் கறுப்பு கண்ணாடியின் ஓரங்களில் வளைந்து விழுந்து, பென்சிலால் வரைந்த மாதிரி விளிம்பு கொடுக்கும். அது இல்லாவிட்டால் பாட்டில் வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகும். திரவத்தை மட்டும் இன்னும் ஏற்ற, பாட்டிலைவிடச் சற்றுச் சிறிதாக ஒரு வெள்ளை அட்டை வெட்டி, சாய்த்து, பின்னால் ஒட்டினோம். கேமராவில் அந்த அட்டை தெரியாது, உள்ளிருந்து ஒளிர்வது மட்டும் தெரியும்.

லேபிளுக்கு முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். அதற்கு உள்ளங்கை அளவு தெர்மோகோல் துண்டே போதும். சினிமா யூனிட்டில் ஆளுயரத் தெர்மோகோலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பவர்களை நினைத்தால் எங்களுக்கு இது சொகுசு.

குளிர்ந்த பாட்டிலில் நீர் முத்து முத்தாக நிற்பது எல்லா விளம்பரத்திலும் வருவது. சென்னையில் அதற்கு என்ன கஷ்டம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் தானாக வியர்க்குமே என்று தோன்றும். வியர்க்கும்தான், அடங்காமல். முதலில் பனி மாதிரி மூடி லேபிளை மறைக்கும், அடுத்த நிமிடம் கோடு கோடாக வழியும், ஃபோகஸ் பார்த்து முடிப்பதற்குள் மேசை ஈரமாகிவிடும். ஆகவே பாட்டில் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். லேபிளை டேப்பால் மூடிவிட்டு, மற்ற இடத்தில் மட்டும் மங்கல் வார்னிஷ் ஸ்பிரே ஒரு கோட்டிங். காய்ந்ததும் தண்ணீரும் கிளிசரினும் சரிபாதி கலந்து ஸ்பிரே செய்ய வேண்டும். முத்துக்கள் அப்படியே நிற்கும், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தாலும் அசையாமல் இருக்கும். பெரிய முத்து வேண்டிய இடத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொன்றாக வைத்தோம். இதில் அத்தைக்குக் கை நன்றாக ஓடியது. கோலம் போட்டுப் பழகிய கை.

லேபிளில் சட்டம், சட்டத்தில் காதல்

காகித ஸ்டிக்கர் கிளிசரினில் ஊறிவிடும் என்பதால் வினைல் ஸ்டிக்கரில் அடித்து, மேட் லாமினேஷன் போட்டோம். பளபள லாமினேஷனில் எங்கள் பட்டர் பேப்பர் திரை அப்படியே தெரியும். வெளிப்பெட்டிக்கான அட்டை ஆண்டர்சன் தெருவில் வாங்கியது. அந்தத் தெருவில் காகிதம் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தால் பாதி நாள் போய்விடும், கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்தில் நடக்க முடிந்தால்.

நிஜப் பொருள்போல் இருக்க, லேபிளின் பின்பக்கம் நிரம்பியிருக்க வேண்டும். 2011-ன் சட்டமுறை எடையளவு விதிகளின்படி பொட்டலப் பொருளில் நிகர அளவு, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் வருடம், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். நாங்களும் போட்டோம். 'தயாரித்த மாதம்: விரைவில்'. 'புகாருக்கு: கோபம் இல்லாதபோது தொடர்புகொள்ளவும்'. உணவு உரிமத்துக்கான 14 இலக்க எண்ணை மட்டும் போடவில்லை. ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அது எவருடையதாகவோ இருந்துவிட்டால் வம்பு. பார்கோடிலும் இதே கவனம். இந்தியாவில் பதிந்த எண்கள் 890 என்று தொடங்கும். நாங்கள் 2-ல் தொடங்குவதைப் போட்டோம். கடைகள் தங்கள் உள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதற்கான வரிசை அது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாது.

இந்த விதிகளைப் படிக்கும்போதுதான் நாயகி யார் என்பது எங்களுக்கே தெளிவானது. முதல் வரைவில் அவள் கோபக்காரி, அழகி, அவ்வளவுதான். அவளை விதிப் புத்தகம் கரைத்துக் குடித்தவளாக ஆக்கியதும் காதலுக்கு வழி கிடைத்தது. அவன் எழுதுவது ஒவ்வொன்றுக்கும் அவள் ஆதாரம் கேட்கிறாள். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 1985-லிருந்து இருக்கிறது, அதன் விதிகளின் முதல் கேள்வியே அதுதானே: சொன்னதை நிரூபிக்க முடியுமா?

"'ரத்த அழுத்தம் குறையும்'னு எழுதியிருக்கீங்க."

"குறையாதா?"

"1954 சட்டம் இருக்கு. மந்திர வைத்திய விளம்பரம். உள்ள போயிடுவீங்க."

"சரி, 'கோபம் குறையும்'?"

"எத்தனை பேர்கிட்ட டெஸ்ட் பண்ணீங்க?"

"ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

"இப்பதான் பண்ணிட்டு இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறிக்கிறாள், நிமிர்ந்து, "முடிவு?" என்கிறாள். இந்தக் காட்சியில் இரண்டு பேரும் சிரிக்கவே கூடாது என்பது மட்டும்தான் நான் கொடுத்த குறிப்பு. அந்த நடிகை சட்டப் படிப்பு மாணவி. 'மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் சட்டம், 1954' என்று அவள் வாயில் வந்தால் பெயில் கிடைக்காது என்று தோன்றும். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது.

சாம்பாரில் கோலிக்குண்டு

நாயகனின் தொழில் திறமையைக் காட்ட ஒரு காட்சி வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1960-களின் கடைசியில் நடந்த ஒரு வழக்கு கைகொடுத்தது. கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில், காய்கறிகள் அடியில் மூழ்காமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். அங்கே உள்ள வர்த்தக ஆணையம் கூப்பிட்டுக் கண்டித்தது. அதைப் படித்த உடனே சாம்பார் என்று முடிவாகிவிட்டது.

எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், லைட் எல்லாம் அதில் தெரியும். வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, அதன் மேல் முக்கால்வாசி வெந்த முருங்கைக்காய், கேரட், சின்ன வெங்காயம். சாம்பாரை வடிகட்டிக் கொஞ்சம் நீர்க்க வைத்து, காய் பாதி முழுகும் வரை ஓரமாக ஊற்ற வேண்டும். முழுக்க வெந்த காய் அரை மணியில் குழைந்து நிறம் மங்கும். மேலே ஒரு சொட்டு எண்ணெய், தூரிகையால். ஆவிக்கு, தண்ணீரில் நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் சூடாக்கிக் கிண்ணத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தோம். பின்னாலிருந்து வெளிச்சமும் கறுப்புப் பின்னணியும் இருந்தால்தான் ஆவி தெரியும். நிஜமாகக் கொதிக்கும் சாம்பாரின் ஆவி கேமராவுக்கு வருவதற்குள் மறைந்துவிடுகிறது.

அந்தக் காட்சியில் நாயகி கரண்டியை உள்ளே விடுகிறாள். 'டங்' என்று சத்தம். ஒரு கோலியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "இது எந்த ஊர் காய்?" என்கிறாள். அந்த 'டங்' மட்டும் தனியாக, பீங்கான் கிண்ணத்தில் நேரடியாகப் பதிவு செய்தது. வசனத்தோடு எடுத்ததில் அது வெறும் கரண்டிச் சத்தமாகத்தான் இருந்தது.

ஒரு விஷயத்தில் குழுவுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. பாட்டிலில் கிளிசரின் முத்து வைப்பதும் சாம்பாரில் கோலி போடுவதும் ஒன்றா? என் கணக்கில் ஒன்றில்லை. முத்து வெறும் அலங்காரம், கோலி காய் அதிகம் என்று சொல்லும் பொய். 1965-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ஷேவிங் கிரீம் வழக்கில் கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் போட்டது. மணற்காகிதத்தையே மழிக்கும் என்று காட்டிய விளம்பரத்தில் இருந்தது மணல் தூவிய பிளாஸ்டிக் கண்ணாடி. பொருளின் திறமையை நிரூபிப்பதாகச் சொல்லிக்கொண்டு வேறொன்றைக் காட்டினால் அது ஏமாற்று என்றது தீர்ப்பு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, "எல்லாம் ஒண்ணுதாண்ணா" என்கிறான். படத்தில் இந்த வாக்குவாதத்தையும் வைத்திருக்கிறோம், நாயகனுக்கு என் கட்சி, நாயகிக்குத் தம்பி கட்சி.

சொட்டு

விளம்பரத்தின் உயிர், நெற்றியில் விழும் அந்த ஒரு சொட்டு. செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேமில், ஸ்லோமோஷனுக்காக எடுத்தோம். அவ்வளவு வேகத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வீட்டு லைட் எதுவும் ஆகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோமோஷனில் படம் மின்மினியாகிவிடும். (சாதாரணக் காட்சிகளை 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50 வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை வராது.) வெயிலுக்கு என்ன பஞ்சம்? மொட்டை மாடிக்குப் போய்விட்டோம்.

சொட்டு மூடியைக் கையில் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். மொபைல் ஸ்டாண்டின் கழுத்தில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, விழும் இடத்தில் ஒரு குண்டூசியை நிறுத்தி அதற்கு ஃபோகஸை வைத்துப் பூட்டினோம். பிறகு ஊசிக்குப் பதில் நெற்றி. நெற்றியில் லேசாக வாஸ்லின் தடவியிருக்க வேண்டும், அப்போதுதான் சொட்டு பரவாமல் உருண்டையாக நிற்கும். நடிகர் மல்லாந்து படுத்திருக்க, கேமரா பக்கவாட்டில். நேராக உட்காரவைத்தால் சொட்டு மூக்கு வழியாகப் போய்விடும், நிதானமும் கூடவே போய்விடும். படுத்திருப்பது திரையில் தெரியாமல் இருக்கப் படத்தை எடிட்டில் 90 டிகிரி திருப்பினோம். சொட்டு கிடைமட்டமாகப் பறந்து வந்து நெற்றியில் ஒட்டுவதுபோல் ஆகிவிட்டது. எதிர்பாராத அழகு, மாற்றவில்லை.

மாடியில் ஒரு ஹோர்டிங்

ஊரெல்லாம் 'நிதானம்' பேனர் என்று கதை சொல்கிறது. சென்னையில் பேனர் வைப்பது விளையாட்டில்லை, அனுமதி, வழக்கு என்று ஏகப்பட்டது இருக்கிறது. எங்களுக்கு ஆசையும் இல்லை. 60 செ.மீ. அகலத்துக்கு சன் போர்டு என்ற லேசான அட்டையில் பிரிண்ட் எடுத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்தினோம். கேமரா கண்ணுக்கு அது 15 மீட்டர் தள்ளி நிற்கும் 6 மீட்டர், அதாவது 20 அடி ஹோர்டிங். கால்களுக்குச் சவுக்குக் குச்சி, துரு நிறம் அடித்தது. பின்னால் மெட்ரோ பாலமும் தண்ணீர்த் தொட்டிகளும். கிட்டே இருக்கும் அட்டையும் தூரத்துப் பாலமும் சேர்ந்தே தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரிய கேமராவைவிடச் செல்போன் இதற்குத் தோது, அதன் சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் தானாகவே அதிகம்.

சாயங்காலம் கடற்காற்று எழுந்தால் அட்டை ஆடும். 20 அடி ஹோர்டிங் அப்படி ஆடினால் கீழே நிற்கிறவர்கள் ஓட வேண்டியதுதான். கட்டுக்கம்பியால் செங்கலோடு கட்டினோம், கூடவே காலை வேளையிலேயே எடுத்து முடித்தோம். வெளிச்சம் பாலத்தில் விழும் அதே திசையிலிருந்து அட்டையிலும் விழ வேண்டும், நிழல் மாறினால் கண் கண்டுபிடித்துவிடும்.

ஆட்டோ, டப்பிங், சத்தம்

விளம்பரக் கதை: ஆட்டோக்காரருக்கும் சவாரிக்கும் சண்டை. ஆளுக்கு ஒரு சொட்டு. "நீங்க குடுக்கறதக் குடுங்க சார்." "இல்லண்ணே, நீங்க கேக்கறதக் கேளுங்க." "மீட்டர் போட்டுக்கலாமா சார், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, 2013-ல கவர்ன்மென்ட் சொன்னது." சவாரி கண் கலங்கிவிடுகிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நிற்க, ஆட்டோ கிளம்பவே இல்லை, பின்னால் டிராஃபிக் நிற்கிறது, பின்னால் இருப்பவர்களுக்கும் சொட்டு. எழுதும்போதே எனக்குப் பிடித்த இடம் இது.

நம் டிவியில் வரும் பல விளம்பரங்கள் இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தவை. அந்த வாடை வேண்டும் என்பதற்காக, சவாரியாக நடித்த பக்கத்து ஃபிளாட் அண்ணனை இந்தியில் பேசவைத்து, மேலே தமிழைப் போட்டோம். நல்ல டப்பிங்கில் ப, ம வரும் இடங்களில் உதடு மூடுவதைப் பார்த்துச் சொல் தேடுவார்கள். உதடு மூடுவது மட்டும்தான் தூரத்திலிருந்தும் தெரியும். நாங்கள் வேண்டுமென்றே அந்த இடங்களைத் தப்பவிட்டோம். உதடு மூடியிருக்கும்போது 'ஆ' வரும். ஆட்டோக்காரர் மட்டும் நேரடித் தமிழ். ஒரே ஃபிரேமில் இரண்டும் இருக்கும்போது வரும் சிரிப்புக்கு வசனமே தேவையில்லை.

ஜிங்கிள், அதாவது விளம்பரப் பாட்டு, வீட்டு அலமாரிக்குள், புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பதிவானது. துணி எதிரொலியைக் குடித்துவிடும்.

நெத்தியில ஒரு சொட்டு
நெஞ்சுக்குள்ள ஒரு மெட்டு
கோவமா? அது யாரு?
நிதானம்... நீயும் பாரு!

விளம்பர நேரத்தை இங்கே 10 விநாடிக் கணக்கில்தான் விற்கிறார்கள், அதனால் 10-லும் 20-லும் வெட்டினால் நிற்கும்படி மெட்டுப் போடச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அன்று முழுக்க வாயில் ஒட்டிக்கொண்டது, அதில் இரண்டு பேர் சாபமும் விட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மான் 1992-ல் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு இதே ஊரில் ஜிங்கிள் போட்டுக்கொண்டிருந்தவர் என்பதைக் கீபோர்டுக்காரப் பையனிடம் சொல்லியிருக்கக் கூடாது, கூலியை உயர்த்திவிட்டான். கூலி ஒரு பிரியாணி, அது இரண்டானது.

எடிட்டிங், கலர் இரண்டும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில். கதைப் பகுதிக்கு நிறத்தைக் கொஞ்சம் அடக்கி, விளம்பரத்துக்கு மட்டும் முழுக்கத் திறந்துவிட்டோம். சத்தமும் அப்படியே. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோமே, அதன் காரணம் உச்ச சத்தத்தை ஏற்றுவது அல்ல. மெல்லிய சத்தங்களை எல்லாம் கம்ப்ரஸரால் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுவது. கதை மைனஸ் 23 லஃப்ஸில் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) இருக்க, விளம்பரத்தை மைனஸ் 14-க்குக் கொண்டுபோனோம். நாயகி அந்த இடத்தில் காதைப் பொத்துவது நடிப்பு இல்லை, செட்டிலும் அதே அளவில்தான் ஓடவிட்டோம்.

இதே மாதிரி யாராவது செய்வதாக இருந்தால் ஒன்று: மைக்கா கலந்த தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். பழைய பருத்தித் துணியில் வடிகட்டி, துணியோடு குப்பையில் போடுங்கள். வார்னிஷ் அடித்த பாட்டில்களைத் தின்னரில் துடைத்துவிட்டால் மறுபடி பயன்படும். கோலிக்குண்டுகளைச் சோப்பு போட்டு ஊறவைத்தாலும் பெருங்காய வாசனை லேசில் போகாது. கடன் வாங்கியவை என்றால் புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.